நான்கெல்லை: பக்கத்து மனை நம் பத்திரத்தில் ஏன் இருக்கிறது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், பத்திரப்பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

கிழக்குப் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். அடுக்குமாடி வரப்போகிறது, கீழே பேஸ்மெண்ட் தோண்டப்போகிறார்கள் என்று பேச்சு. அதனால் போன மாதம் முழுக்க நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "நம் இடம் எதுவரைக்கும்?" சிலர் காம்பவுண்டு சுவர்வரை என்றார்கள். சிலர் சுவருக்கு அப்பாலும் இரண்டடி உண்டு என்றார்கள். இதற்குப் பதில் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் செயலாளர் என்னை அழைத்தார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு நிலத்தைச் சட்டம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதை ஒட்டியிருக்கும் நிலங்களை வைத்துத்தான். பக்கத்து மனை மாறிக்கொண்டே இருக்கும். நம் பத்திரத்தில் எழுதியது மட்டும் எழுதிய நாளிலேயே நின்றுவிடும். இந்த இடைவெளியை நாம் அவ்வப்போது சரிபார்க்காவிட்டால், ஒரு நாள் நீதிமன்றத்தில் நின்றுதான் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் வார்த்தைகளைப் பார்ப்போம். பேச்சில் "பக்கத்து மனை" என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் "ஒட்டிய நிலம்" வேறு, "அருகிலுள்ள நிலம்" வேறு. ஒட்டியது என்றால் இரண்டுக்கும் ஒரு பொது எல்லைக்கோடு இருக்க வேண்டும். அருகில் என்றால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. 1904-இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு வழக்கு போனது. ஒரு பாலத்துக்கு ஆகும் செலவில், "அருகிலுள்ள" நகராட்சி என்ற முறையில், எல்லை தொடாத வெலிங்டன் நகரமும் பங்கு தர வேண்டுமா என்பது கேள்வி. "அருகில்" என்ற சொல் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டும் குறிக்காது, எவ்வளவு நெருக்கம் போதும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று அங்கே சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை நம் நாட்டு நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டியிருக்கின்றன.

இது நமக்கு எதற்கு? ஒரு மனைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் அடி அகலத்துக்கு வேறொருவருடைய நிலம் கிடக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கு அந்த மனை ரோட்டு மேல்தான் இருக்கும். காகிதத்தில் அது ரோட்டை ஒட்டிய மனை இல்லை. வழி வேண்டுமென்றால் அந்த ஓர் அடிக்காரரைக் கேட்க வேண்டும். கட்டட அனுமதியில் "மனை ஒட்டியிருக்கும் ரோட்டின் அகலம் என்ன" என்று கேட்கும்போதும் சிக்கல் வரும். அதனால் பத்திரத்தில் "ரோட்டுக்கு அருகில்" என்று இருக்கிறதா, "ரோட்டுக்கு மேற்கு" என்று எல்லையாகவே எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த எல்லைகளை எழுதச் சொல்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. நகரத்து வீடு என்றால் எந்தத் தெருவில், தெருவுக்கு எந்தப் பக்கம், இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது, முன்பு யார் அனுபவத்தில் இருந்தது, கதவு எண் என்ன என்று சொல்ல வேண்டும். மற்ற நிலம் என்றால் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, எந்த ரோடுகளையும் எந்தச் சொத்துகளையும் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். முடிந்தவரை அரசாங்க அளவை வரைபடத்தையும் குறிப்பிட வேண்டும். நாம் செக்குபந்தி, நான்கெல்லை என்று சொல்வதன் வேர் இதுதான்.

இப்போது பத்திரத்தைப் படிக்கும் விதம். இங்கேதான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் "வடக்கில்: இன்னாருடைய மனை" என்று இருக்கும். அதாவது நமக்கு வடக்கே அவர் இருக்கிறார். பழைய தமிழ்ப் பத்திரத்தில் "இன்னார் மனைக்கு வடக்கு, ரோட்டுக்கு மேற்கு" என்று இருக்கும். அதாவது அவருக்கு வடக்கே நாம் இருக்கிறோம். அவர் நமக்குத் தெற்கு. ரோடு நமக்குக் கிழக்கு. தமிழ் மூலப்பத்திரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் அட்டவணை தயாரிக்கும்போது இந்த இடத்தில் திசை தலைகீழாகிவிடுவது உண்டு. தெற்கே இருப்பவர் வடக்கே போய்விடுவார். வங்கியும் கவனிக்காது, வாங்குகிறவரும் கவனிக்க மாட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பத்திரத்தை எடுத்து, மொட்டை மாடியில் நின்று, நான்கு திசையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

எல்லைக்குக் கீழே அளவு வரும். "கிழமேல் வடபுறம் 80 அடி, தென்புறம் 80 அடி, தென்வடல் கீழ்புறம் 120 அடி, மேல்புறம் 120 அடி, ஆக 9600 சதுரடி" என்பதுபோல. கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக. 9600 சதுரடி என்றால் நான்கு கிரவுண்டு. அதோடு சர்வே எண், உட்பிரிவு எண் இருக்கும்.

ஆக ஒரே நிலத்துக்கு மூன்று அடையாளம்: நான்கெல்லை, அளவு, சர்வே எண். மூன்றும் ஒத்துப்போனால் கவலை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எது ஜெயிக்கும்?

பொதுவான விதி, நான்கெல்லை தெளிவாக இருந்தால் எல்லைதான் ஜெயிக்கும், அளவு அதற்குக் கட்டுப்படும் என்பது. பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து சொல்லப்படுவது இது. உச்ச நீதிமன்றமும் 2006-இல் ஒரு வழக்கில், முரண்பாடு வந்தால் சாதாரணமாக எல்லையையே ஏற்க வேண்டும் என்றது. 1961-இல் வந்த இன்னொரு வழக்கில் மனை எண்ணே தவறு. 1060 என்று இருக்க வேண்டியது 160 என்று எழுதப்பட்டிருந்தது. எல்லைகளும் மற்ற விவரங்களும் 1060-க்கே பொருந்தியதால், அது வெறும் எழுத்துப் பிழை, சொத்து 1060-தான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

"அப்படியென்றால் எல்லை இருந்தால் போதுமே" என்று நினைத்துவிடாதீர்கள். "சாதாரணமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லை திட்டவட்டமாக இருந்தால்தான் அந்த விதி கைகொடுக்கும். "வடக்கில் காலி மனை", "மேற்கில் பிறர் நிலம்" என்று எழுதியிருந்தால் நீதிமன்றம் எதைப் பிடித்துக்கொள்ளும்? காலி மனை இன்று கல்யாண மண்டபமாக இருக்கலாம். அந்தப் பிறர் யார் என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது அளவும் சர்வே வரைபடமும்தான் பேசும். பத்திரம் எழுதும்போது பக்கத்து மனையின் உரிமையாளர் பெயரோடு அதன் சர்வே எண்ணையும் எழுதச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஆள் மாறுவார், கட்டடம் மாறும், எண்ணைப் பிடித்துத் தேடினால் நிலம் கிடைக்கும்.

அடுத்தது சர்வே. தமிழ்நாட்டில் 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளந்து எல்லை தீர்மானிக்கப்படுகிறது. அளவை முடிந்தது என்று 13-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வந்தபின், அதில் குறை இருப்பவர் 14-ஆம் பிரிவின்படி மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். கிராம நிலத்துக்குப் புலப்படம் இருக்கும். நகரத்தில் வார்டு, பிளாக், நகர சர்வே எண், நகர நில அளவைப் பதிவேடு என்று இருக்கும். நம்மைப்போல் முன்பு கிராமமாக இருந்து நகரத்தோடு சேர்ந்த பகுதிகளில் பழைய சர்வே எண் ஒன்று, நகர சர்வே எண் ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டுக்கும் உள்ள ஒப்பீட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண் அடுத்தடுத்து இருந்தால் நிலமும் அடுத்தடுத்து இருக்கும் என்று நம்பாதீர்கள். உட்பிரிவு ஆக ஆக எண்கள் சிதறும். 3-ஆம் உட்பிரிவும் 4-ஆம் உட்பிரிவும் ஒட்டியிருக்கின்றனவா என்பதை வரைபடத்தில் பொதுக்கோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு மனையைச் சேர்த்து ஒரே கட்டடம் கட்ட நினைப்பவர்களுக்கு இது உயிர்நாடி. அந்த இரண்டு மனையும் ஒட்டியிருக்கின்றன என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

இன்னொன்று, காம்பவுண்டு சுவர் எல்லை ஆகிவிடாது. சுவர் நாம் கட்டியது. எல்லை பத்திரத்திலும் அளவைக் கல்லிலும் இருக்கிறது. கட்டும்போது மேஸ்திரி ஒரு மரத்துக்காகவோ, பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்காகவோ இரண்டடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பியிருக்கலாம். அதற்காக அந்த இரண்டடி பக்கத்து மனைக்குப் போய்விடவில்லை. ஆனால் நாம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பக்கத்தார் அதைத் தமக்கே உரியதென்று வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் அனுபவித்தால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் இனப்படி 12 வருடம் ஆனபின் நாம் வழக்குப் போட்டு மீட்க முடியாமல் போகலாம். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அந்தக் காலம் முடிந்ததும் நம் உரிமையே அற்றுப்போகும் என்கிறது.

இதெல்லாம் தனி வீட்டுக்காரர் கவலை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் கூடுதல் கவலை. நம் பத்திரத்தில் மூன்று அட்டவணை இருக்கும். 'அ' அட்டவணை மொத்த நிலம், அதன் நான்கெல்லை. 'ஆ' அட்டவணை அதில் நம் பிரிபடாத பாகம், யுடிஎஸ் என்கிறோமே அது. 'இ' அட்டவணை நம் ஃப்ளாட். ஃப்ளாட் இடிந்தால் மிஞ்சுவது 'ஆ'. அந்த 'ஆ'வின் அளவு நிற்பது 'அ'வின் எல்லைமேல்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நான்கு கிரவுண்டில் 16 வீடு, ஒவ்வொருவருக்கும் 600 சதுரடி யுடிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குப் பக்கம் 120 அடி நீளத்துக்கு இரண்டடி போனால் 240 சதுரடி. வீட்டுக்கு 15 சதுரடி. நிலம் சதுரடி பத்தாயிரம் ரூபாய் என்றால் வீட்டுக்கு ஒன்றரை லட்சம். இது யார் ஃப்ளாட்டை ஒட்டிய இடம் என்ற கேள்வியே இல்லை. மேற்குப் பக்கம் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கும் அதே ஒன்றரை லட்சம்தான் நஷ்டம். பிரிபடாத பாகம் என்றால், எந்த மூலையைக் காட்டினாலும் அதில் எல்லோருக்கும் பங்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 16 வீட்டுக்கு 16 பத்திரம், வெவ்வேறு நாளில், வெவ்வேறு எழுத்தர் எழுதியது. ஒன்றில் கிழக்கே ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர், மூன்றாவதில் வெறும் "காலி மனை". ரோட்டுக்காக முன்பக்கத்தில் ஒரு துண்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் செய்திருந்தால், அதற்கு முன் எழுதிய பத்திரத்தில் ஒரு பரப்பு, பின் எழுதியதில் ஒரு பரப்பு இருக்கும். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது. அந்த நாள் வரும்போது பில்டர் முதலில் கேட்பது 'அ' அட்டவணையைத்தான். பதினாறும் ஒன்றுபோல் இல்லையென்றால் பேரமே அங்கே இறங்கிவிடும்.

இப்போது பேஸ்மெண்ட் விஷயம். ஒட்டிய நிலங்களுக்குள் எல்லைக்கோடு மட்டும் இல்லை, ஒன்றையொன்று தாங்கும் உறவும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இதை உதாரணமாகவே சொல்கிறது. நம் நிலம் இயற்கையான நிலையில் இருக்கும்போது, பக்கத்து மண் அதற்குத் தரும் தாங்கலைப் பெறும் உரிமை ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உண்டு. ஆனால் இது வெறும் மண்ணுக்குத்தான். நாம் அதன்மேல் கட்டடத்தை ஏற்றிவிட்டோம். கட்டடத்தின் எடைக்கும் பக்கத்து மண்ணின் தாங்கலை உரிமையாகக் கேட்க வேண்டுமென்றால், 15-ஆம் பிரிவின்படி 20 வருடம் தடையில்லாமல், சச்சரவில்லாமல் அந்தத் தாங்கலைப் பெற்றிருக்க வேண்டும். எனவே நம் கட்டடம் எந்த வருடம் முடிந்தது என்பதற்கான சான்று முக்கியம். நிறைவுச் சான்றிதழ், முதல் மின் இணைப்பு, முதல் சொத்துவரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இனி செய்ய வேண்டியவை.

ஒன்று: பதினாறு வீட்டின் 'அ' அட்டவணையையும் நகல் எடுத்து, மூலப்பத்திரத்தோடு ஒரே தாளில் ஒப்பிட வேண்டும். பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அந்தப் பக்கத்தின் நகல் போதும்.

இரண்டு: நான்கு பக்கத்து மனைகளின் இன்றைய சர்வே எண்களையும் வரைபடத்தையும் வாங்க வேண்டும்.

மூன்று: கிழக்கில் தோண்டத் தொடங்கும் முன், முறைப்படி நில அளவைக்கு விண்ணப்பித்து, பக்கத்து உரிமையாளருக்கும் தகவல் தந்து, அவர் முன்னிலையில் அளக்க வேண்டும். அளவைக் கல் இருக்கும் இடத்தைப் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும்.

நான்கு: நம் சுவர், தூண், தரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் இன்றைய நிலையைத் தேதியோடு படம் எடுக்க வேண்டும். ஒரு பொறியாளரிடம் எழுத்தாக அறிக்கை வாங்கினால் இன்னும் நல்லது. பின்னால் விரிசல் வந்தால் "இது முன்பே இருந்தது" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

ஐந்து: பிழை கண்ட பத்திரங்களுக்குப் பிழைதிருத்தல் பத்திரம் பதிய வேண்டும். எழுதிக்கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பக்கத்து மனைக்காரரை எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்கு எல்லை அவருடைய மேற்கு எல்லை. அது தெளிவானால் அவருக்கும் நிம்மதி. அளப்பதற்கு அழைத்தால் பெரும்பாலும் வருவார்கள்.

உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும் பதில்களும்:

"என்னிடம் பட்டா இருக்கிறது. அது போதாதா?"

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. முக்கியமான ஆதாரம்தான், ஆனால் அதுவே உரிமையைத் தந்துவிடாது. உரிமை பத்திரத் தொடர்ச்சியிலிருந்து வருகிறது. பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரப் பரப்பும் வேறுபட்டால், அதுவே அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

"பத்திரத்தில் எல்லையாக இருக்கும் ஐயா இறந்துவிட்டார், அந்த மனை மூன்று கை மாறிவிட்டது. பத்திரத்தைத் திருத்த வேண்டுமா?"

வேண்டாம் அம்மா. எழுதிய நாளில் சரியாக இருந்தால் அது பிழை ஆகாது. அவரிடமிருந்து இன்றைய உரிமையாளர்வரை தொடர்ச்சி தெரிந்தால் போதும். பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரம் பார்க்கலாம். நம் சொத்தாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. நீங்கள் விற்கும்போது புதுப் பத்திரத்தில் "முன்பு இன்னார், தற்போது இன்னார்" என்று எழுதச் சொல்லுங்கள்.

"கிழக்கு பில்டர் சுவரை நேராக்க ஓர் அடி கேட்டால், சங்கம் சம்மதக் கடிதம் கொடுக்கலாமா?"

கூடாது. நிலம் சங்கத்தின் பெயரில் இல்லை, உரிமையாளர்கள் எல்லோருடைய பெயரிலும் பிரியாமல் இருக்கிறது. தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் ஓர் அங்குலம்கூட மாறாது. ஆனால் அந்தக் கடிதம் பின்னாளில் நமக்கு எதிராகக் காட்டப்படும். எல்லை பற்றி எதை எழுதுவதாக இருந்தாலும், முதலில் அளவு முடியட்டும், பிறகு எல்லா உரிமையாளர்களும் வழக்கறிஞர் ஒருவரும் பார்த்தபின் எழுதலாம்.

'அ' அட்டவணை நகல்களை இந்த மாதக் கடைசிக்குள் அலுவலக அறையில் கொடுத்துவிடுங்கள். ஒப்பிட்டுத் தாள் தயாரிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.